எட்டாம் மைலுக்கு அப்பால் ஒரு முகவரி

டெட்ராய்ட்டில் கார் வாங்குவது பெரிய காரியமில்லை. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சம் பிடித்தால் ஓடுகிற மாதிரி ஒன்று கிடைத்துவிடும். அதற்கு இன்சூரன்ஸ் கட்டுவதுதான் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். ஆர்நெட்டாவின் பழைய புயிக் காரை விற்றால் என்ன வருமோ, அதைவிட அதிகமாக ஒரு வருஷத்து இன்சூரன்ஸுக்குக் கேட்டார்கள். இதை வேறு ஊரில் போய்ச் சொன்னால் கதை விடுகிறாய் என்பார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உனக்கு அவ்வளவுதானா, யாரிடம் எடுத்தாய் என்று கேட்பார்கள்.

ஆர்நெட்டாவுக்குக் கார் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. வயதானவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அந்த வயதானவர்கள் எல்லாரும் எட்டாம் மைல் சாலையைத் தாண்டி, புல்வெளியும் இரட்டைக் கராஜுமாகப் புறநகர்களில் இருந்தார்கள். ஊர் அந்தச் சாலையோடு முடிகிறது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வசதி உள்ளவர்கள். பஸ்ஸை நம்பிப் போனால் காலை சூப்பை மத்தியானம்தான் ஊட்டலாம்.

அவள் கணவன் லோவெல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தான். நேர்மையான மனுஷன். கடையில் மிச்சச் சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்டால் பாதி வழி வந்தவன் திரும்பிப் போய்க் கொடுப்பான். ஆர்நெட்டாவுக்கு அதில் பெருமையும் உண்டு, கடுப்பும் உண்டு. காசு விஷயத்தில் எல்லாவற்றையும் அவளிடம் விட்டுவிடுவான். ஒன்றே ஒன்றில் மட்டும் பிடித்த பிடியை விட மாட்டான்.

எங்கள் மாநிலத்து இன்சூரன்ஸில் வைத்தியப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அதை முழுசாக எடுத்துக்கொண்டால், விபத்தில் தப்பு யார் மேல் இருந்தாலும் சரி, அடிபட்டவனைச் சாகும் வரைக்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மருந்து, ஆள், வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. குறைத்து எடுத்தால் பணம் தீர்ந்த அன்றைக்கே கையை உதறிவிடுவார்கள். லோவெலின் அண்ணன் கிளிஃப்டன் ஒரு லாரியில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் பல வருஷம் கிடந்தான். இரவும் பகலும் ஆள் வந்தது. முதுகில் ஒரு புண் இல்லாமல், சுத்தமான படுக்கையில் செத்தான். அதைப் பார்த்ததிலிருந்து லோவெலுக்கு அந்த முழு வைத்தியப் பகுதி என்றால் வேதவாக்கு மாதிரி.

அந்த வருஷம் புதுப்பிக்கிற நேரத்தில் பிரீமியம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வந்தது. ஆர்நெட்டா ஒரு இடியும் இடித்ததில்லை, ஒரு அபராதச் சீட்டும் வாங்கியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, உங்கள் பகுதியில் செலவு கூடியிருக்கிறது என்றார்கள். செலவு கூடாத பகுதி எது என்று அவள் கேட்டாள். போனில் இருந்த பெண் சிரித்துவிட்டாள், பாவம், அவளும் இந்த ஊர்க்காரியாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வயதானவர்களைத் தூங்கவைத்துவிட்டு, காரில் உட்கார்ந்து சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே ஒவ்வொரு கம்பெனியாகப் போன் போடுவாள். எல்லாரும் தேனொழுகப் பேசுவார்கள். பெயர், வயது, எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள், அடடா ரொம்ப நல்ல டிரைவராயிற்றே என்பார்கள். அப்புறம் கேட்பார்கள் அந்தக் கேள்வியை: கார் ராத்திரியில் எங்கே நிற்கும்? அவள் தெருப் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் விரல்கள் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒரு தொகை வரும். அவள் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுவாள், அதற்கு மேல் இறங்காது.

ஒரு கம்பெனி குறைவாகச் சொன்னது, கேட்டால் வைத்தியப் பகுதியே அதில் பேருக்குத்தான் இருந்தது. இன்னொரு கம்பெனி முதல் மாதத்துக்கு மட்டும் ஆசை காட்டியது. மூன்றாவது ஒன்று நாளைக்குக் கூப்பிடுகிறோம் என்று சொன்னது, இன்றைக்கு வரைக்கும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் வெறுத்துப்போய் ஒரு வேலை செய்தாள். புதிதாக ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு, கார் ராத்திரியில் எங்கே நிற்கும் என்று கேட்டபோது, அப்போது கார் நின்றுகொண்டிருந்த வீட்டின் முகவரியைச் சொன்னாள். புறநகரில் அவள் பார்த்துக்கொண்டிருந்த கிழவியின் வீடு அது. தொகை மூன்றில் ஒரு பங்காக வந்தது. அதே கார், அதே பிரேக், அதே ஆர்நெட்டா. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கிழவிக்கு டயப்பர் மாற்றினாள்.

அன்று வீட்டில் பேச்சை எடுத்துப் பார்த்தாள். வைத்தியப் பகுதியைக் குறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம், கடவுள் புண்ணியத்தில் இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்றாள். லோவெல் கீரையைக் கிண்டிக்கொண்டிருந்தவன் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினான்.

"கறியை நிறுத்து, கேபிளை நிறுத்து, எதை வேணா நிறுத்து நெட்டா. அதை மட்டும் தொடாத. நான் விழுந்து கெடந்தா என்னைத் தூக்க ஆள் வேணும். அந்த ஆள் நீயா இருக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் தூக்கித் தூக்கி உன் முதுகு ஏற்கெனவே போச்சு."

அவள் முதுகைப் பற்றிக் கவலைப்படுகிறவனிடம் மல்லுக்கட்ட முடியுமா? சரி, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கிராஷியட் சாலையில் ஒரு சவுரிக் கடைக்கும் ஹாட்டாக் கடைக்கும் நடுவில் மிஸ் டெலோராவின் ஏஜென்சி இருந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவளிடம்தான் போவார்கள். நகம் நீளமாக வளர்த்து, நகத்தாலேயே டைப் அடிப்பாள். ஆர்நெட்டா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். அவள் வீட்டு முகவரிக்கு எத்தனை கம்பெனி உண்டோ அத்தனையையும் போட்டுக் காட்டினாள். ஒன்றும் ஆகிற கதையாக இல்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"எட்டாம் மைலுக்கு அந்தப் பக்கம் உனக்கு யாரு இருக்கா, கண்ணு?"

"என் தங்கச்சி இருக்கா."

"அங்க அடிக்கடி தங்குவியோ?"

"தாங்ஸ்கிவிங் பண்டிகைக்குக்கூடப் போறதில்ல."

"நான் அதைக் கேக்கல. கேக்கவும் மாட்டேன். நீ என்ன சொல்றியோ அதை டைப் அடிக்கிறதுதான் என் வேலை. யோசிச்சு, ஒரு முகவரியோட வா."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆர்நெட்டாவின் தெருவில் நிற்கிற கார்களில் பாதி, காகிதத்தின்படி வேறு எங்கோ நிற்கின்றன. ஒருத்தன் கார் மாமியார் வீட்டில், ஒருத்தி கார் பழைய முதலாளி வீட்டில், சர்ச் டீக்கன் கார்கூட அவர் மகள் வீட்டில். யாரும் யாரையும் கேட்பதில்லை. திருடுகிறோம் என்று எவருக்கும் தோன்றுவதும் இல்லை. திருடுகிறவன் எவன் என்பதில் எங்களுக்கு வேறு கருத்து உண்டு.

தங்கை வெர்னீஸிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கிளின்டன் டவுன்ஷிப்பில் வீடு வாங்கிக்கொண்டு போனபோது, சொந்த ஊரை விட்டு ஓடுகிறாயா என்று வாயில் வந்ததையெல்லாம் பேசியவள் ஆர்நெட்டா. வெர்னீஸ் மறக்கிற ஜாதி இல்லை. அக்காவை உட்காரவைத்து, கேக் வெட்டிக் கொடுத்து, முழுசாகச் சொல்லவிட்டுக் கேட்டாள்.

"அப்போ நான் ஓடிவந்தவ. இப்போ என் தபால்பெட்டி மட்டும் இனிக்குதாடி உனக்கு?"

"இனிக்குது. போதுமா?"

"போதாது. இந்த வருஷம் தாங்ஸ்கிவிங் என் வீட்ல. நீ வந்து வான்கோழி சாப்பிட்டு, நல்லா இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

ஆர்நெட்டா ஒத்துக்கொண்டாள். லைசென்ஸில், பதிவில், இன்சூரன்ஸில் எல்லாவற்றிலும் முகவரி மாறியது. அவளும் லோவெலும் வெர்னீஸ் வீட்டில் குடியிருப்பதாகக் காகிதம் சொன்னது. வைத்தியப் பகுதி முழுசாக இருந்தது. தொகை பாதிக்கும் கீழே வந்தது.

லோவெலிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. கடை கடையாக அலைந்து நல்ல விலைக்குப் பிடித்தேன் என்றாள். பொய்யும் இல்லை, அலைந்தது உண்மைதானே. அவன் அப்படியே நம்பினான். நம்பியதோடு விட்டானா? முடிவெட்டுகிற கடையில் போய் உட்கார்ந்து, என் பெண்டாட்டி போனிலேயே கம்பெனிக்காரனை மண்டியிட வைத்துவிட்டாள், முழு வைத்தியப் பகுதியோடு இந்தத் தொகைக்கு வாங்கியிருக்கிறாள் என்று அளந்தான். கடையில் இருந்தவர்கள் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொகை எப்படி வரும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். எதிர்வீட்டு டாலிவர் மட்டும் சிரிப்பை மறைக்க இருமினாராம். இதைக் கேள்விப்பட்டபோது ஆர்நெட்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் என்னவோபோலவும் இருந்தது. என்றைக்காவது சொல்லிவிடலாம் என்று ஆறப்போட்டாள்.

ஜனவரியில் ஒரு காலை லோவெல் அவளுடைய புயிக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். சிக்னலில் நின்றிருந்தவன் மேல், ஐஸில் வழுக்கி வந்த ஒரு வேன் பக்கவாட்டில் மோதியது. இடுப்பெலும்பும் கீழ் முதுகும் நொறுங்கின. உயிர் தங்கியது. டாக்டர் ஆர்நெட்டாவைத் தனியாகக் கூப்பிட்டு, பயிற்சி விடாமல் கொடுத்தால் கைப்பிடி பிடித்து நாலு அடி நடக்கலாம், விட்டுவிட்டால் படுக்கைதான் என்றார்.

அப்போதெல்லாம் கம்பெனி முகம் சுளிக்கவில்லை. ஆபரேஷனுக்குக் கொடுத்தது. பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்தது. தினமும் காலையில் இரண்டு பையன்கள் அவனை இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் தூக்கி நிறுத்துவார்கள். பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பான், சட்டை நனைந்துவிடும். சாயந்திரம் ஆர்நெட்டா போனால், இன்றைக்கு இவ்வளவு நேரம் நின்றேன் என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொல்லிக் காட்டுவான். அவன் சொல்லுகிற இன்னொன்றுதான் அவளால் தாங்க முடியாதது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல, அதைத் தொடாதன்னு. நீயும் எப்படியோ மல்லுக்கட்டி வாங்கிட்ட. நம்ம ரெண்டு பேரும் பொழைச்சோம் நெட்டா."

அவள் எங்கள் ஊர் வழக்கப்படி இஞ்சி சோடாவைச் சூடாக்கி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மார்ச் மாதம், இனி வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். வீட்டில் சக்கர நாற்காலி ஏற ராம்ப் போட வேண்டும், குளியலறையை அகலப்படுத்த வேண்டும், தினமும் பயிற்சிக்கும் தூக்கவும் ஆள் வர வேண்டும். எல்லாம் கம்பெனி செலவு. அதற்கு முன் ஒருத்தி வந்து வீட்டை அளந்து பார்ப்பாள் என்றார்கள். எந்த வீட்டை அளப்பார்கள்? காகிதத்தில் இருக்கிற வீட்டைத்தானே!

அக்காவும் தங்கையும் கூடிப் பேசினார்கள். இப்போதைக்கு லோவெலை வெர்னீஸ் வீட்டுக்கே கொண்டுபோவது, ராம்பும் அங்கேயே போடட்டும், ஆளும் அங்கேயே வரட்டும், கொஞ்ச காலம் அங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவாயிற்று. வெர்னீஸ் இந்த முறை ஒரு குத்தலும் பேசவில்லை. தையல் மெஷின் இருந்த அறையைக் காலி செய்தாள். ஆர்நெட்டா லோவெலின் தொப்பிகள், சர்ச் ஷூ, அவன் படுக்கையில் வைத்துப் படிக்கிற பைபிள், கிளிஃப்டன் போட்டோ எல்லாவற்றையும் வெர்னீஸின் காரில் அள்ளிக்கொண்டு வந்து அந்த அறையில் பரப்பினாள். பழைய தலையணையைக்கூட விடவில்லை. செய்து முடித்துவிட்டு, நாடகம் போடுகிற மாதிரி இருக்கிறதே என்று வாசலில் நின்று பார்த்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. அவன் நடப்பதற்காக இதைவிடக் கேவலமானதையும் செய்திருப்பாள்.

அளக்க வந்தவள் தன் பெயர் காரின் என்றாள். முப்பது வயதிருக்கும், நல்ல பெண். வாசல்படி ஒன்றுதான், நிலையும் அகலம், உங்களுக்கு வேலை சுலபம் என்று சந்தோஷப்பட்டாள். தொப்பிகளைப் பார்த்து, உங்கள் கணவருக்கு ரசனை அதிகம் என்றாள். வெர்னீஸ் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டாள். அடுத்த வாரமே ஆட்களை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்தியதும் அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். எத்தனை வருஷத்துக்கு அப்புறமோ.

இனி லோவெலிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அன்று மத்தியானம் ஆர்நெட்டாவுக்கு ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிற வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போனில் சொல்லியிருக்கலாம். எத்தனையோ நாளில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். அவன் நேர்மைதான் அவளைத் தடுத்தது. பொய் சொல்லி வாங்கியது என்று தெரிந்தால் பயிற்சியே வேண்டாம் என்று படுத்துவிடுவானோ, கம்பெனிக்கு அவனே போன் போட்டு ஒப்புக்கொண்டுவிடுவானோ என்று பயந்தாள். அதிகச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்த ஆளாயிற்றே.

பயிற்சி நிலையத்தில் அவன் அறைக்குள் அவள் நுழைந்தபோது லோவெல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல வேளை நான் முழிச்சிருந்தேன். கம்பெனிலேருந்து காரின்னு ஒரு பொண்ணு கையெழுத்து வாங்க வந்தா. என்ன கூத்து தெரியுமா? ராம்பை வெர்னீஸ் வீட்ல போடப் பாத்தாளுங்க! ஒத்தப் படிதான் இருக்குங்கறா. எனக்கு ஒண்ணும் புரியல. அம்மா, நீ வீடு மாறி அளந்துட்ட, அது என் மச்சினி வீடு, என் வீட்டுக்கு ஆறு படின்னு சொன்னேன்."

ஆர்நெட்டா கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். கல்யாணமான வருஷம் வாங்கின வீடு, அன்னிலேருந்து நானும் என் பொண்டாட்டியும் ஒரு ராத்திரி வேற எங்கயும் படுத்ததில்ல, எட்டாம் மைலுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தூக்கமே வராதுன்னு சொன்னேன். அவ திரும்பத் திரும்பக் கேட்டா, நிச்சயமாத் தெரியுமா சார், நிச்சயமாத் தெரியுமான்னு. பேனாவை எடுத்து உள்ள வெச்சிட்டா. என்ன பொண்ணோ, கண்ணு கலங்கிப்போச்சு அவளுக்கு."

ஆர்நெட்டா உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். டெலோராவை, வெர்னீஸின் தபால்பெட்டியை, தொப்பிகளை, தையல் அறையை. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவன் போர்வையின் மேல் கிடந்த தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் பொய் சொல்லியிருப்பேனே, நெட்டா."

"நீயா?"

"ஏன், நான் என்ன சாமியாரா? எனக்கு நடக்கணும்டி."

அவள் அன்று அழுத மாதிரி அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனை இவ்வளவுதானா தெரிந்து வைத்திருந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் கையை நீட்டி அவள் தலையைத் தடவினான். அது இன்னும் மோசமாக இருந்தது.

காரினைக் குறை சொல்ல முடியாது. அவள் எழுத வேண்டியதை எழுதினாள். கம்பெனியின் பதில் வெர்னீஸ் வீட்டுக்குத்தான் வந்தது, வேறு எங்கே வரும்? முகவரி பொய் என்பதால் ஒப்பந்தமே இல்லை, முதல் நாளிலிருந்தே இல்லை, உங்களுக்கு எங்களிடம் இன்சூரன்ஸ் என்று ஒன்று இருந்ததே கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அதனால் கட்டிய பிரீமியம் முழுவதையும் ஒரு காசு பிடிக்காமல் செக்காக இணைத்திருந்தார்கள். எவ்வளவு நேர்மை பாருங்கள். அந்தப் பணம் பயிற்சி நிலையத்தில் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.

வக்கீல் ஒருவரைப் பார்த்தாள். கணவருக்குத் தெரியாது என்று சொல்லி வழக்குப் போடலாம், வருஷங்கள் ஆகும், ஜெயிப்போம் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். லோவெலின் முதுகெலும்புக்கு அத்தனை வருஷம் காத்திருக்கத் தெரியுமா? மிஸ் டெலோரா போனில் ரொம்ப வருத்தப்பட்டாள், நீ சொன்னதைத்தான் கண்ணு நான் டைப் அடித்தேன் என்றாள். அதுவும் உண்மைதான். ஏழைகளுக்கான அரசாங்க உதவியில் ஒரு முதியோர் விடுதியில் கட்டில் கிடைக்கும், தினப் பயிற்சியெல்லாம் கிடையாது என்றார்கள். ஆர்நெட்டா அந்த மாதிரி விடுதிகளில் வேலை பார்த்தவள். அந்த வாடை அவளுக்குத் தெரியும். என் வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை லோவெலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். ராம்ப் இல்லை. தெருவில் இருந்த ஆண்கள் நாலு பேர் வந்து நாற்காலியோடு அவனை ஆறு படியும் தூக்கினார்கள். என்ன லோவெல், சர்ச்சில் உட்கார்ந்து உட்கார்ந்து கனத்துவிட்டாய் என்று ஒருவன் கிண்டல் செய்தான். லோவெலும் ஏதோ பதில் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். கூடத்தில் போட்டிருந்த கட்டில் பக்கத்தில் இறக்கிவிட்டு, தோளைத் தட்டிவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள்.

டாலிவர் மட்டும் போகவில்லை. கதவருகே தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். ஆர்நெட்டா என்ன என்று கேட்டாள். அவர் லோவெலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தனக்குப் புதுப்பிக்கிற நேரம் வந்துவிட்டது என்றார், போன தடவையைவிட இந்தத் தடவை கழுத்தைப் பிடிக்கிறது என்றார், இந்த நேரத்தில் இதைக் கேட்பதற்கு மன்னிக்கணும் என்றார். எட்டாம் மைலுக்கு அந்தப் பக்கம் அவருடைய மகன் இப்போது வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறானாம்.

"அந்த ஏஜென்ட் நம்பர் இருந்தா குடுங்களேன்."

ஆர்நெட்டாவுக்கு ஒரு கணம் எதையாவது எடுத்து அவர் மேல் வீசலாம் போல இருந்தது. உங்கள் கண்முன்னால்தானே கிடக்கிறான், பார்த்துமா கேட்கிறீர்கள் என்று வாய்வரை வந்தது. அவர் பெண்டாட்டிக்கு டயாலிசிஸ், காரில்தான் போய் வர வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் லோவெலைப் பார்த்தாள்.

"குடு நெட்டா," என்றான் லோவெல். பிறகு டாலிவரிடம் சொன்னான்: "எந்த முகவரி வேணா குடுங்க. ஆனா வீட்ல இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. பொண்டாட்டிகிட்ட மொதல்ல சொல்லுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதையே சொல்லணும். அந்த வீட்ல எத்தனை படின்னு எண்ணிப் பாத்து வெச்சுக்கச் சொல்லுங்க."

டாலிவர் தலையாட்டினார். ஆர்நெட்டா நம்பரைச் சொன்னாள், அவர் போனில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலிக்கு முன்னால் கால்களை அகட்டி வைத்து, குனிந்து, கணவனின் அக்குள்களுக்கு அடியில் கைகளைக் கோத்தாள். மெதுவா, உன் முதுகு, என்றான் அவன். அவள் தூக்கினாள்.